சத்தமில்லாத பன்னிரண்டு நிமிடம்

பழைய டிவிடிகளை மாற்றித் தரும் வேலையில் இப்போதுதான் இறங்கியிருக்கும் நீங்கள், எங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கும் எங்கள் வீட்டின் ஓர் அறையில், ஒரு கம்ப்யூட்டரையும் இரண்டு டிவிடி ரைட்டரையும் வைத்துக்கொண்டு பதினைந்து வருடம் வேலை செய்தவள் நான். தோள்வலி பொறுக்க முடியாமல், போன வருடம் நிறுத்திவிட்டேன். எந்த சாஃப்ட்வேர் நல்லது, எந்த வேகத்தில் எழுதினால் டிவிடி கெடாது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்வதற்கு என்னிடம் இருப்பது நான் செய்த ஒரு தவறு. அதைச் சொல்லலாம் என்று பிறகுதான் தோன்றியது.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்யப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது அங்கேதான். அதன் முதலாளி கண்டிப்பானவர், கெட்டிக்காரர். சத்தம் இல்லாத காட்சி செத்த காட்சி என்று ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வார். மைக் வயர் கழன்று போய் எடுத்தது, கேமராவை நிறுத்த மறந்து தரையைக் காட்டியது, சாப்பாட்டுப் பந்தி முடிந்து அண்டா கழுவுவது, எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டச் சொல்வார். நானும் வெட்டினேன். வெட்டி வெட்டி அது கைப்பழக்கமாகிவிட்டது. பிறகு வீட்டிலேயே தனியாக வேலையை ஆரம்பித்தபோது அந்தப் பழக்கமும் என்னோடு வீட்டுக்கு வந்தது.

செல்வராணி என்னிடம் வந்தது சில வருடங்களுக்கு முன்னால். எங்கள் ஊரிலிருந்து இரண்டு மைல் தள்ளி ஒரு விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்த ஊர் மூணாறு மலையில் சின்னக்கானல். அம்மா அங்கே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். தம்பி மணிகண்டன் ஒரு ரிசார்ட்டில் சமையல் வேலை செய்கிறான் என்று சொன்னாள். அவளுடைய கல்யாண டிவிடி அம்மா வீட்டில்தான் இருந்ததாம். மலையில் வருடம் முழுக்க ஈரம்; டிவிடியில் பூஞ்சை பிடித்து, ஓரம் உரிந்து, ஓடாமல் போய்விட்டது. அது நன்றாக ஓடிய காலத்திலேயே அவள் வீட்டுக்காரரின் சொந்தக்காரர் ஒருவர் அதை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து வைத்திருந்தார். அவர் வெளிநாட்டுக்குக் கிளம்புகிறார், இரண்டு நாளில் ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாள். தம்பி பார்ப்பதற்கு மறுபடியும் ஒரு டிவிடி போட்டுத் தர வேண்டும். அங்கே இருப்பது பழைய பிளேயர், பென் டிரைவ் எல்லாம் எடுக்காது. அம்மாவுக்கு மாற்றிப் போடத் தெரியாது, அதனால் எல்லாம் ஒரே டிவிடியில் வர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள்.

தம்பிக்குக் காது கேட்காது என்பதை அவள் சொல்லவில்லை. எதற்காகப் பார்க்கிறான், எந்த இடத்தைப் பார்ப்பான் என்று நானும் கேட்கவில்லை.

அந்தப் பழைய டிவிடி இரண்டு அடுக்கு உள்ளது. எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைத்ததோ ஒரு அடுக்கு டிவிடிதான், பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கொள்ளும். முழுப் படத்தையும் அமுக்கினால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. எனக்கு என் வேலையைப் பற்றி ஒரு பெருமை உண்டு, படம் தெளிவாக இருக்க வேண்டும். எங்கே குறைக்கலாம் என்று ஓட்டிப் பார்த்தேன். பந்தியை அங்கங்கே சுருக்கினேன். கடைசியில் பன்னிரண்டு நிமிடம் சத்தமே இல்லாமல் ஓடியது. பந்தலுக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே, கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பையன். அந்த அம்மா கையைக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். கேமராக்காரர் மிச்சமிருந்த கேசட்டை முடிப்பதற்காக எதையோ எடுத்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். முழுதாக ஒரு நிமிடம்கூட நான் அதைப் பார்க்கவில்லை. வெட்டிவிட்டேன்.

டிவிடி அருமையாக வந்தது. செல்வராணி ஹார்ட் டிஸ்க்கையும் டிவிடியையும் வாங்கிக்கொண்டு போனாள். அந்தச் சொந்தக்காரர் ஹார்ட் டிஸ்க்கை அழித்துவிட்டு, வேண்டியதை நிரப்பிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார்.

வாடிக்கையாளர் தன் வீட்டில் போட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை மூலத்தை அழிக்கக் கூடாது என்று எனக்கு ஒரு விதி இருந்தது. ஆனால் அந்த வாரம் கம்ப்யூட்டரில் இடமில்லை. நான் வேலை கற்ற அதே ஸ்டுடியோவிலிருந்து ஒரு பெரிய கல்யாணம் வந்து காத்திருந்தது. செல்வராணியின் டிவிடி மலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், குறை இருந்தால் இதற்குள் கூப்பிட்டிருப்பாள் என்று நானே முடிவு செய்துகொண்டு, அவளுடைய ஃபோல்டரை ஒரு நாள் சாயங்காலம் அழித்தேன். மறுநாள் காலையில் அந்த இடத்தில் ஸ்டுடியோ கல்யாணத்தை எழுத ஓட விட்டேன்.

பதினொரு மணிக்கு செல்வராணியின் ஃபோன் வந்தது. திரையில் எழுபது சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது.

டிவிடி போன வாரமே போய்ச் சேர்ந்துவிட்டது, பிளேயர் ரிப்பேரில் இருந்ததால் நேற்றுதான் போட்டுப் பார்த்தார்கள் என்றாள். தம்பி மூன்று தடவை போட்டுப் பார்த்தானாம். கடைசிக்கு ஓட்டி, மறுபடி கொஞ்சம் பின்னால் ஓட்டி, மறுபடியும் கடைசிக்குப் போய், பிறகு ரிமோட்டை வைத்துவிட்டு வெளியே போய்விட்டானாம். அவனுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது என்று அப்போதுதான் சொன்னாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. அம்மாவும் அவனும் சேர்ந்து தாங்களாகவே கையில் ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். அது வேறு எந்த ஊரிலும் கிடையாது. கல்யாணத்தன்று எல்லோரும் என்னவெல்லாம் பேசினார்கள், யார் யாரோடு சண்டை போட்டார்கள், மாப்பிள்ளை வீட்டார் எதற்காகச் சிரித்தார்கள் என்று அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அம்மா அவனை எதிரே உட்காரவைத்து அந்த நாள் முழுவதையும் கையால் சொல்லிக் காட்டினார். நான் வெட்டியது அதைத்தான்.

அதோடு முடியவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் மணிகண்டனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி சுகன்யா, பக்கத்துத் தோட்டத்துப் பெண். கேட்கும், பேசும். கணவனிடம் எப்படிப் பேசுவது என்று மாமியாரிடம் கற்றுக்கொள்ள ஆரம்பித்த இரண்டாம் மாதம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கை விழுந்துவிட்டது. வாய் கொஞ்சம் குழறினாலும் பேசிவிடுவார். ஆனால் கை எழாமல் அந்தப் பேச்சு நின்றுபோனது. செல்வராணிக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், அவளும் ஊரை விட்டு வந்து பத்து வருடம் ஆகிறது. அம்மாவின் கைப்பேச்சு எங்கேயாவது பதிவாகியிருக்கிறது என்றால் அந்தக் கல்யாண டிவிடியில் மட்டும்தான். அதை வைத்துச் சுகன்யா கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் என்னிடம் வந்தாள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அவளே எனக்கு ஒரு வழியையும் காட்டினாள்.

"ஏனுங்கக்கா, அந்த ஹார்ட் டிஸ்க்குலயே அது இல்லாமப் போயிருக்குமுங்களா? அவரு காப்பி எடுக்கறப்பவே விட்டுப்போச்சோ என்னமோ."

உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும், அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஹார்ட் டிஸ்க் கடல் தாண்டிப் போய்விட்டது. பழைய டிவிடியைப் பூஞ்சை தின்றுவிட்டது. நான் சொன்னது பொய் என்று உலகத்தில் யாராலும் காட்ட முடியாது. இத்தனை வருடத்தில் நான் சேர்த்த பெயரும் கெடாது. அந்த வார்த்தை என் நாக்கு வரைக்கும் வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

என்னைத் தடுத்தது நல்ல குணம் என்று சொல்ல மாட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதோடு தேடுவதும் நின்றுபோகும் என்பதுதான் அந்த நேரத்தில் தோன்றியது. தவறு என்னுடையது என்று சொன்னால்தான் அந்தப் பன்னிரண்டு நிமிடம் இன்னும் இந்த அறைக்குள், இந்தப் பெட்டிக்குள் எங்கேயோ இருக்கலாம்.

"இருந்துச்சு கண்ணு. சத்தமில்லைன்னு நாந்தான் வெட்டிப்போட்டேன். எங்கிட்ட இருந்த காப்பியவும் நேத்து அழிச்சுட்டேன். நீ ஃபோன வையி, நான் பாக்கறேன்."

அவள் ஒன்றும் திட்டவில்லை. சரிங்கக்கா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அழித்த ஃபைல் உடனே போய்விடுவதில்லை, அதன் மேல் வேறு எதையாவது எழுதினால்தான் போகும் என்று உங்களுக்குத் தெரியும். என் கண் முன்னால் அந்த ஸ்டுடியோ கல்யாணம் எழுபத்தொன்று, எழுபத்திரண்டு என்று அதன் மேலேயே எழுதிக்கொண்டு போனது. மானிட்டரில் நிறுத்து என்று ஒரு பட்டன் இருந்தது. அதை அழுத்தினாலும் மூடுவதற்கு முன்னால் கம்ப்யூட்டர் எதையாவது எழுதி வைக்கும். குனிந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

ஸ்டுடியோ முதலாளியைக் கூப்பிட்டு, உங்கள் வேலை இன்றைக்கு முடியாது, நாளைக்கும் முடியாது என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன், யாரோ ஒருத்தி கையாட்டினதற்காக என் வேலையை நிறுத்துவாயா என்று அவர் கேட்டார். அவர் இடத்தில் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். அதற்குப் பிறகு அந்த ஸ்டுடியோவிலிருந்து எனக்கு வேலை வரவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் அன்றைக்கு இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது. அவருடைய கல்யாணத்தின் மூலம் வேறு டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது, இரண்டு நாள் தாமதம் ஆகும், அவ்வளவுதான். இது போனால் போனதுதான்.

கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி, ஒரு துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினேன். கல்பாத்தியில் ஒரு பெண் வீட்டிலேயே கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து ஃபைல்களை மீட்டுத் தருகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். போய்ப் பார்த்தால் என் மகளைவிடச் சின்னவள். முன்னறையில் மேசை முழுக்கத் திறந்த டிஸ்க்குகள். அவள் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். நான் நடந்ததை என் பக்கம் கொஞ்சம் நியாயமாகத் தெரியும்படி சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் வேண்டாம். அழிச்சதுக்கு அப்பறம் என்னெல்லாம் பண்ணினேள், அது மட்டும் ஒண்ணு விடாம சொல்லுங்கோ. தேடிப் பாக்கறேன்னு ஏதாவது சாஃப்ட்வேர் போட்டேளா?"

போடவில்லை, பிளக்கைப் பிடுங்கினேன் என்றேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. இங்கே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அழித்ததால் இழப்பதில்லை, பதறிப்போய் அதற்குப் பிறகு செய்வதால்தான் இழக்கிறார்கள் என்றாள். தவறு செய்துவிட்டோம் என்று தெரிந்தவுடன் கை எதையாவது செய்யத் துடிக்கும். அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவதுதான் கஷ்டம் என்றும் சொன்னாள். அவளுக்கு வயது முப்பதுகூட இருக்காது. என் தொழிலில் எனக்கு யாரும் இவ்வளவு பயனுள்ளதாக ஒன்றைச் சொன்னதில்லை.

இரண்டு நாள் கழித்து வரச் சொன்னாள். டிவிடியின் காப்பி எப்போதும் துண்டு துண்டான ஃபைல்களாகத்தான் இருக்கும். முதல் துண்டுகளின் மேல் எல்லாம் அந்த ஸ்டுடியோ கல்யாணம் ஏறிவிட்டிருந்தது. எனக்கு வேண்டியது கடைசித் துண்டு மட்டும். அதன் தொடக்கத்தையும் ஸ்டுடியோ கல்யாணம் கொஞ்சம் தின்றிருந்தது, மீதி தப்பித்திருந்தது. பன்னிரண்டு நிமிடத்தில் முதல் மூன்று நிமிடம் வெறும் பச்சையும் ஊதாவுமான கட்டங்கள். அதற்குப் பிறகு கட்டங்கள் கலைந்து அந்த அம்மாவின் முகம் வந்தது. ஒன்பது நிமிடம் முழுசாக இருந்தது. அவள் வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்து ஒன்பது நிமிடத்தையும் பார்த்தேன். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அது பேச்சு என்று இந்தத் தடவை தெரிந்தது. நடுவில் ஒரு இடத்தில் அந்த அம்மா இல்லாத மீசையை முறுக்கினார், எதிரே இருந்த பையனின் தோள் சிரிப்பில் குலுங்கியது.

வீட்டுக்கு வந்து டிவிடி போட்டேன். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அம்மாவுக்கு வலது கை போய்விட்டது, இடது கை நன்றாக இருக்கிறது. படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திருப்பிவிட்டால் அவர் இடது கையால் பேசுவதுபோலத் தெரியும், அதைப் பார்த்து அவரே இடது கையில் பழகலாமே என்று நினைத்தேன். செய்த தவறுக்கு மேலாக ஏதாவது செய்து கொடுக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. திருப்பி ஒரு டிவிடி போட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று திருப்பாமல் இன்னொன்றும் போட்டேன். இரண்டையும் முதலிலிருந்து கடைசிவரை பார்த்த பிறகுதான் உறையில் போட்டேன்.

தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. செல்வராணியையும் கூட்டிக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, அங்கிருந்து மறையூர் வழியாக மூணாறு. காந்தலூர் பக்கத்திலிருந்து காய்கறி மூட்டை ஏற்றுகிறவர்களுக்காக ஒரு இடத்தில் பஸ் வெகுநேரம் நின்றது. அந்த நேரத்தில் செல்வராணியிடம், நான் செய்தது தப்பு என்று உன் தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். இடது புறங்கையில் வலது கை விரல்களால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, அதே கையால் நெஞ்சைத் தொட வேண்டும் என்று காட்டினாள். மூணாறு வரும்வரை அதையே பழகிக்கொண்டு வந்தேன்.

சின்னக்கானலில் தோட்டக் குடியிருப்பு வரிசையில் இருந்த அவர்களுடைய லயத்து வீட்டுக்கு நாங்கள் போனபோது பிற்பகல் மூன்று மணி. மதியச் சமையல் முடிந்து மணிகண்டன் வீட்டுக்கு வந்திருந்தான். நெடுநெடுவென்று இருந்தான். நான் அவன் முன்னால் நின்று, பழகியபடியே புறங்கையைத் தட்டி நெஞ்சைத் தொட்டேன். அவன் என்னை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு என் கையைப் பிடித்துத் தட்டுவதை இன்னும் மெதுவாகச் செய்யவைத்தான். நான் பதற்றத்தில் ஓங்கித் தட்டியிருக்கிறேன். அப்படித் தட்டினால், உன்னை அடித்துவிடுவேன் என்று அர்த்தமாம். செல்வராணி அதைச் சொன்னபோது வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மூன்று நாளாக எனக்குள் இருந்த ஏதோ ஒன்று இளகியது.

அம்மாவின் பெயர் பேச்சியம்மாள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் போர்வைக்குள் இருந்தன. விழுந்த கையை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நல்ல கையையும் சேர்த்து மூடியே வைத்திருக்கிறார் என்று சுகன்யா என் காதருகே சொன்னாள்.

எனக்குத் திருப்பிப் போட்ட டிவிடியின் மேல்தான் ஆசை. அதைத்தான் முதலில் போட்டேன். முதல் மூன்று நிமிடம் கட்டங்கள் ஓடும் என்று முன்பே சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு அம்மாவின் முகம் வந்ததும் மணிகண்டன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பேச்சியம்மாள் மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"மூக்குத்தி இடம் மாறிக் கெடக்கே. யாரு இவ?"

பின்னால் தொங்கிய பேனரில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல, வலமிருந்து இடமாக இருந்தது. நான் எதற்காகத் திருப்பினேன் என்று விளக்கினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"திருப்பாதத போடு தாயி. எதுத்தாப்புல ஒக்காந்திருக்கவ வலக்கை, எனக்கு இடக்கைப் பக்கந்தான இருக்கும். அவ தூக்குத பக்கமே நானும் தூக்கிருவேன்."

அவர் சொன்னதுதான் சரி. எதிரே உட்கார்ந்திருப்பவரின் வலது கை நம் இடது கைக்கு நேராகத்தான் இருக்கும். நான் கெட்டிக்காரத்தனமாகத் திருப்பிய படத்தில், அசையும் கை அவருடைய விழுந்த கைக்கு நேரே வந்து நின்றது. மறுபடியும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நானே முடிவு செய்திருந்தேன். இத்தனை பட்ட பிறகும் அப்படிச் செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு தடவை அடிபட்டால் திருந்திவிடுவோம் என்று நம்பாதீர்கள்.

திருப்பாத டிவிடியைப் போட்டேன். மூக்குத்தி சரியான இடத்தில் வந்தது. திரையில் பேச்சியம்மாள் இல்லாத மீசையை முறுக்கினார்.

"அது எங்க அண்ணன்" என்றார் கட்டிலில் இருந்த பேச்சியம்மாள். சுகன்யா ஒரு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். திரையில் கை காதை இழுத்துவிட்டுக் கீழே இறங்கியது. அது மாப்பிள்ளையின் அம்மா, காதில் பெரிய தோடு போட்டிருந்தவர். அவர் சாம்பாரில் உப்பில்லை என்று சொன்னாராம். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். எப்போது என்று நான் கவனிக்கவில்லை. செல்வராணி என் முழங்கையைத் தொட்டபோதுதான் திரும்பிப் பார்த்தேன். போர்வைக்குள்ளிருந்து இடது கை வெளியே வந்திருந்தது. திரையில் இருந்த கைக்குப் பின்னாலேயே, கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் கோணலாக, அதுவும் காதைத் தொட்டு இறங்கியது.

மணிகண்டன் டிவியைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஏதோ கேட்டான், வேகமாக. அவர் இடது கையால் பதில் சொன்னார். அவன் புரியவில்லை என்று தலையாட்டினான். அவர் மறுபடியும் சொன்னார். மூன்றாவது தடவை அவனுக்குப் புரிந்தது. என்ன கேட்டான், என்ன சொன்னார் என்று செல்வராணி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாங்கள் கிளம்பும்போது சுகன்யா என் பின்னாலேயே வந்தாள். அந்தத் திருப்பிப் போட்ட டிவிடியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள் என்றாள். அவள் வலது கைக்காரி. திரையைப் பார்த்துக்கொண்டே கூடவே செய்து பழக அவளுக்கு அதுதான் தோது. எழுத்து திரும்பி இருந்தால் இருக்கட்டும் என்றாள். எந்த வாடிக்கையாளருக்கும் நான் கொடுத்திருக்கவே மாட்டேன் என்று சொல்லக்கூடிய ஒரு டிவிடி அங்கே தங்கிவிட்டது.

அன்றிலிருந்து என் வேலையில் இரண்டு விஷயங்கள் மாறின. யார் வந்தாலும், இதை யார் பார்க்கப் போகிறார்கள், எந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள் என்று கேட்பேன். சிலர் விநோதமாகப் பார்ப்பார்கள். சிலர் யோசித்துவிட்டு, நான் எதிர்பார்க்கவே முடியாத ஒன்றைச் சொல்வார்கள்: பந்தியில் மூன்றாவது வரிசை, மேடைக்குப் பின்னால் நிற்கும் மாட்டு வண்டி, யாரோ ஒருவர் இருமும் சத்தம். இரண்டாவது, எதையும் வெட்டியாக வேண்டும் என்றால், வெட்டுவதை முழுசாக ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிடுவேன், அதற்குப் பிறகு ஃபோன் செய்து கேட்பேன். உங்களுக்கு நேரம் இருக்காது என்று தெரியும். எனக்கும் இருக்கவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு நாள் செல்வராணி மூணாறிலிருந்து ஃபோன் செய்தாள். ரிசார்ட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது மணிகண்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்துவிட்டானாம். ஜீப்பில் போட்டு மூணாறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அம்மாவால் போக முடியாது. செல்வராணி இங்கிருந்து போய்ச் சேர அரை நாள் ஆகிவிட்டது. அதுவரை உடன் இருந்தது சுகன்யா மட்டும்.

எங்கே வலிக்கிறது, எப்போது ஆரம்பித்தது, குத்துகிறதா பிசைகிறதா, வாந்தி எடுத்தானா, இதற்கு முன்னால் இப்படி வந்திருக்கிறதா என்று டாக்டர் மலையாளத்தில் கேட்கக் கேட்க, சுகன்யா கையால் அவனிடம் கேட்டு, அவன் கையால் சொன்னதை வாயால் டாக்டரிடம் சொன்னாளாம். வலி நேற்றே தொப்புளுக்குப் பக்கத்தில் ஆரம்பித்து இன்றைக்குக் காலையில் வலது பக்கமாக இறங்கியது என்று அவன் சொன்னதுதான் டாக்டருக்கு வேண்டியிருந்தது. குடல்வால் வீங்கியிருந்தது. தாமதிக்காமல் ஆபரேஷன் செய்துவிட்டார்கள்.

செல்வராணி போய்ச் சேர்ந்தபோது மணிகண்டனுக்கு மயக்கம் தெளிந்துகொண்டிருந்தது. கண்ணைத் திறந்ததும் சுகன்யாவைப் பார்த்து ஏதோ கேட்டானாம். செல்வராணிக்கு அது தெரியாத சைகை, அவள் ஊரை விட்டு வந்த பிறகு அவர்கள் புதிதாக உண்டாக்கிக்கொண்டது. சுகன்யாவும் கையாலேயே பதில் சொல்லிவிட்டு, கொஞ்சம் கோபமாக அவன் நெற்றியைத் துடைத்துவிட்டாளாம்.

என்ன கேட்டான் என்று நான் கேட்டேன்.

"ராத்திரிச் சமையலுக்கு ஆள் இல்லையே, ரிசார்ட்டுல சொல்லிட்டியான்னு கேட்டானாமுங்க. அவ அப்பவே சொல்லியாச்சு, பேசாமப் படுன்னுட்டா."